உதிர்ந்த முடி

கோதையாற்று மலைமேல் இருந்த காட்டு நிலையத்தில் தனியாளாக இருந்த ஜெசிந்தாவுக்குப் பதினொரு மாதமாக வேலையே இல்லை. செடிப்பேன்களை வேட்டையாடித் தின்னும் நுண்ணிய பேன்களை இனம் பிரிப்பது அவள் வேலை; இப்போது புதிதாக வந்த கருவியே அவற்றை இலையிலிருந்து எடுத்து, முதுகிலுள்ள முடிகளை எண்ணி, இனத்தின் பெயரைச் சொல்லிவிடும். எண்ணிக்கை எதனோடும் ஒத்துப்போகாவிட்டால்தான் மனிதரைக் கூப்பிடும்.

அன்று காலை கூப்பிட்டது. ஒரு பேனுக்கு முடி ஒன்று குறைந்தது.

நுண்ணோக்கியில் பார்த்தவுடனே ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. முடி உதிர்ந்திருக்கிறது, அது முளைத்திருந்த குழி அப்படியே இருக்கிறது. நூறு முறை பார்த்த பழைய இனம்தான். அப்படி எழுதினால் கருவி நன்றி சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்ளும். புதிய இனம் என்று எழுதினால், இன்னொரு நிலையத்து ஆள் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். அது விதி.

இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு பெயரைக்கூடத் தவறாக எழுதியதில்லை. ‘புதிய இனம்’ என்று எழுதிப் படத்தை அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்திலிருந்து சண்முகவேல் போனில் அழைத்தார். அங்கே அவரும் ஒற்றை ஆள்தான்.

“படத்தைப் பாத்தேன் மேடம். முடி உதிர்ந்த குழி நல்லாவே தெரியுதே?”

ஜெசிந்தாவுக்கு முகம் சுட்டது. “தெரியுது சார். இப்பவே திருத்தி அனுப்பிருதேன்.”

அவர் பக்கம் மழைச் சத்தத்தோடு நாட்காட்டித் தாள் புரளும் சத்தமும் கேட்டது.

“திருத்த வேண்டாம் மேடம்,” என்றார். “நேர்ல பாக்காம எதையும் சொல்ல முடியாதுல்லா? வியாழக்கிழமை வந்துருதேன். மூணு நாளாவது இருந்து பாக்கணும்.”