மலையை எழுப்பிய குரல்

வூயி மலையின் ஊலாங் தேயிலை தானாகத் துளிர்க்காது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. வசந்தத்தின் முதல் இடி இடித்ததும் எல்லோரும் அடிவாரத்தில் கூடி, முரசடித்து, "தேயிலையே, துளிர்த்து வா!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். மற்ற தேயிலையைப்போல் இதை மொட்டில் கிள்ளுவதும் இல்லை; இலை முகம் விரியும்வரை காத்திருப்பார்கள்.

இந்த வருஷம் யுன்சியூ மட்டும் வேறு பேரைக் கத்திவிட்டாள். போன இலையுதிர் காலத்தில் பாறை இடுக்கில் நின்ற செடிக்காக ஏறி, கால் வழுக்கி, சடலம்கூடக் கிடைக்காமல் போன அவள் புருஷன் போலினின் பேர் அது. வேண்டுமென்று செய்யவில்லை, வாயில் வந்துவிட்டது. முரசுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை என்றுதான் நினைத்தாள்.

வசந்தம் பாதி கழிந்தது. இலை பார்க்கப் போன கொழுந்தன் குவோ வெறுங்கூடையோடு ஓடிவந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, மலை முழுக்க ஒரு செடிகூடத் துளிர்க்கல. அந்த இடுக்குல மட்டும் மண்ணைப் பொளந்துக்கிட்டு..." கூடையைக் கீழே போட்டான். "அண்ணன் தலை வந்திருக்கு. கண்ணு இன்னும் மூடித்தான் இருக்கு. ஆளுங்க அரிவாளோட ஏறுறாங்க. அதை வெட்டினாத்தான் தேயிலை துளிர்க்குமாம்."

யுன்சியூ பெட்டியைத் திறந்து போலினின் பஞ்சுக்கோட்டை எடுத்து உதறினாள்.

"மொட்டுல கை வைக்கிற பழக்கம் நம்ம மலைக்கு என்னைக்கு வந்துச்சு?" என்றபடி வாசலைத் தாண்டினாள். "முதல்ல முகம் விரியட்டும்."