கீரை சூப்

த பேசின் என்ற ஊரின் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்ட கையோடு, திராட்சைத் தோட்டத்து ஓரப் போர்த்துக்கேயச் சாப்பாட்டுக்கடையில் இருக்கிறோம். விறகடுப்பு வெடிக்கிறது. அகதித் தடுப்புமுகாமிலிருக்கும் மகன் வெளியே வரும்வரை மச்சமாமிசம் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்திருக்கிற வசந்தினி அன்ரி, சூப்பை ஊதி ஊதிக் குடிக்கிறார். "வெறும் கீரைதான் அன்ரி, பயப்பிடாமல் குடியுங்கோ" என்று ஓடர் பண்ணியது எங்களோடு வந்த சுலக்சனா. "நல்ல ருசி பிள்ளை" என்றுவிட்டு இன்னொரு வாய் எடுத்து, அன்ரி அடியைக் கிளறுகிறார். கரண்டியில் சிவப்பாய், வட்டமாய், ஒரு பன்றிச் சொசேஜ் துண்டு ஏறி வருகிறது. ஜன்னல் வெயிலில் அதன் கொழுப்பு மினுங்குகிறது. கோப்பை முக்கால்வாசி காலி. சுலக்சனா வாயைப் பொத்துகிறாள். அன்ரி வாயிலிருப்பதைத் துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை. திருநீற்று நெற்றி மட்டும் வேர்க்கிறது. மேசையில் அவருடைய போன் அதிர்ந்து அதிர்ந்து ரொட்டித் தட்டை நோக்கி நகர்கிறது. திரையில் மகனின் முகாம் நம்பர். அதை எடுக்க ஒரு கையும் நீளவில்லை.