எவருக்கும் தோன்றும்

நீதிபதி திடீரென்று தமிழுக்கு மாறினார்.

"இந்த அபிடவிட்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

இன்ஜினீயர் எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலியில் அவர் முதலாளி.

கோவையில் கரும்புச்சாறு மெஷின் செய்யும் கம்பெனி. இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைமை இன்ஜினீயர்.

வழக்கு, மரகதத்தின் மெஷின் பற்றியது. பெருந்துறையில் லேத் பட்டறை வைத்திருப்பவள். அவள் மெஷினில் மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், உருளைகள் நின்று விலகிவிடும். கரும்போடு கை மாட்டாது.

அதன் காப்புரிமையைக் கம்பெனி எதிர்த்து ரத்து செய்ய வைத்தது. அவள் மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறாள். இங்கேயும் தோற்றால் அந்த மெஷினை யார் வேண்டுமானாலும் செய்யலாம். முதலில் செய்யப்போவது யார் என்று அவருக்குத் தெரியும். வரைபடம் அவர் மேஜையில் தயாராக இருக்கிறது.

தையல் மெஷினில் மிதி இருக்கிறது. துணி பிழியும் பழைய மெஷினில் விலகும் உருளை இருக்கிறது. இரண்டும் மரகதம் பிறப்பதற்கு முன்பே வந்தவை. இரண்டையும் சேர்ப்பது இத்தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றும்.

அபிடவிட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். எவருக்கும் எளிதில் தோன்றுவதற்குக் காப்புரிமை கிடையாது. கம்பெனி வக்கீல்கூட சபாஷ் போட்டார்.

"எவருக்கும்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு எப்பத் தோணுச்சு?"

வக்கீல் பதறி எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லிவிடலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

முதலாளி மெல்லச் செருமினார்.

மரகதத்தின் மெஷின் வருவதற்கு முன், ஆறு வருடம் அவரும் கை மாட்டாத மெஷினுக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார். கம்பி வலை போட்டுப் பார்த்தார். தகடு வைத்துப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. ராத்திரி பகலாக வீட்டிலும் உட்கார்ந்து வரைந்தார். பக்கத்திலேயே மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

மரகதம் கடைசி வரிசையில் இருந்தாள். இவரைப் பார்க்கவில்லை. நீதிபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நீதிபதியிடம் திரும்பினார்.

"அந்தம்மா மெஷினப் பாத்ததுக்கப்புறந்தானுங்க."

நீதிபதி அதை ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, சுருக்கெழுத்தரிடம் சொன்னார்.

பக்கத்தில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.