வாயடைத்த கொக்கி

"இவ்ளோ பெரிய வண்டிக்குள்ள இருக்கறவனுக்கு என்னடி ஆயிடப்போவுது?" என்று ஒருமுறை பூங்கோதையைக் கேட்டான் கணவன் இளம்பரிதி. நெஞ்சை நிமிர்த்திய முகப்பு, மலையேறினாலும் மூச்சு வாங்காத எஞ்சின் என்று எல்லோரிடமும் பெருமை பேசுபவன், பெல்ட் போடச் சொல்லி வண்டி அடிக்கும் மணியை மட்டும் பொறுக்கமாட்டான். பெல்ட் மாட்டும் பூட்டில் பெல்ட் இல்லாத வெறும் கொக்கி ஒன்றைச் செருகி மணியின் வாயை அடைத்திருந்தான்.

இன்று வண்டியைக் கிளப்பியதும் மணி அடித்தது, ஓயவில்லை.

"கொக்கி எங்கடி?"

"என்கிட்டதாங்க இருக்கு," என்றாள் வெளியே கதவருகே நின்றிருந்த பூங்கோதை, மூடிய கையைத் திறக்காமல். "எஞ்சின் நல்லாத்தான் உறுமுது. ஆனா இந்த வண்டியிலயே உங்க மேல அக்கறை இருக்கறது இந்த மணிக்குத்தான். அது பேசட்டும்."

உட்கார்ந்தபடியே முறைத்து, கதவை அறைந்து சாத்தினான். திறந்திருந்த கண்ணாடி வழியே இன்னும் கொஞ்சம் மணி கேட்டது. பிறகு 'க்ளிக்' என்றொரு சத்தத்தோடு நின்றது. கொக்கி அவள் உள்ளங்கையில் அப்படியே இருக்க, அவன் கிளம்பிப் போனான்.