பத்தாவது ரவுண்டிலும்

"உண்மையைச் சொல்லும்மா, உன் புருஷன் என்ன மாத்திரை சாப்பிடுறான்?"

ஏழு மாடி ஏறி வந்த குத்துச்சண்டை கோச், மூச்சிரைக்க சோபாவில் சரிந்தார்.

"தலைவலி மாத்திரைகூடப் போடறதில்லையே கோச். ஏன்?"

"நூத்தி முப்பது கிலோ உடம்பு. போன வருஷம் நாலாவது ரவுண்டுலயே நாக்கு தள்ளிடும், கை எழும்பாது. இப்போ பத்தாவது ரவுண்டுலயும் நாப்பது குத்து விடறான். ஊக்கமருந்தா இருக்குமோனு சங்கத்துல பேசிக்கிறாங்க. மாட்டினா அவன் வாழ்க்கையே போச்சு."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசல் கதவு திறந்தது. கணவன் உள்ளே வந்தான். முதுகில், இடுப்புக்குக் கீழே அசைவில்லாத அவளுடைய அப்பா. அத்தனை படி ஏறியும் அவன் மூச்சு சீராக இருந்தது.

"லிஃப்ட் கெட்டு எட்டு மாசமாச்சு கோச். அப்பாவுக்கு தினமும் பிசியோதெரபி. இவர்தான் தூக்கிட்டுப் போயிட்டு வர்றார்" என்றாள் மெல்ல.

"இருங்க மாமா, தண்ணி கொண்டு வர்றேன்" என்று அவரை நாற்காலியில் இறக்கிவிட்டு அவன் உள்ளே போனான். பெரியவர் கோச்சை முறைத்தார்.

"நீங்கதானா அந்த கோச்? ஆள் வெச்சுக்கலாம்னா மாப்பிள்ளை கேக்க மாட்டேங்கிறார். தினமும் ஒரு ஆளைத் தூக்கிட்டு மாடி ஏறியே ஆகணும்னு நீங்க கண்டிப்பா சொல்லிட்டீங்களாமே? அவரோட பயிற்சி கெடக் கூடாதேன்னுதான் நானும் வாயை மூடிட்டு முதுகுல உக்காந்திருக்கேன்."

சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றவன், கோச்சைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான்.

கோச் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்கய்யா, நான்தான் சொன்னேன். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது."