மூன்றாவது கோன்

காலை ஒன்பது இருபதுக்கு மச்சான் பெஞ்சமினின் சிவப்பு கார் புறப்பட்டது. குற்றாலம் சாலையோர மைதானத்தில் நடந்த கார் போட்டியில், வளைவைக் காட்ட வைத்த பிளாஸ்டிக் கோன்களில் மூன்றாவதன் அருகே எபனேசர் கொடியோடு நின்றார்; ஓட்டி முடித்தவர்கள்தான் அங்கே கோன் காவல். கார் பட்டு கோன் விழுந்தால் கொடியைத் தூக்க வேண்டும். ஓட்டியவருக்கு இரண்டு விநாடி கூடும். நாற்பத்தெட்டு விநாடியில் ஓட்டி அதுவரை முதலிடத்தில் இருந்தவர் எபனேசர்தான்.

அடுத்த கோனில் கொடியோடு நின்ற விஜய்பாண்டி கத்தினான். "அண்ணாச்சி, ஒங்க மச்சான் இன்னைக்கு ஒங்கள மாதிரில்லா ஓட்டுதாரு!"

எபனேசர் காரைக் கூர்ந்து பார்த்தார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கைத் தொடாமல் கார் வழுக்கிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் தவிர வேறெங்கும் அவர் வாய்விடாத வித்தை அது.

'அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்துட்டாளா?'

கார் கோனை உரசாமல் கடந்தது. புழுதி அடங்குவதற்குள் எபனேசர் கோனைக் காலால் தட்டிவிட்டுக் கொடியைத் தூக்கினார்.

"நாப்பத்தேழு!" என்றது மைக். "கோனுக்கு ரெண்டு. மொத்தம் நாப்பத்தொம்பது!"

கூட்டத்தில் நின்ற பெஞ்சமின் தலையில் கைவைத்துக்கொண்டான்.

எபனேசர் திரும்பிப் பார்த்தார். காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியவள் அவர் மனைவி எப்சிபா. நேரே அவரிடம் வந்தாள்.

"நீங்க சாவி தரமாட்டிய, அதான் அண்ணன் வண்டில ஓட்டப் பேர் குடுத்தேன். சாப்பிடும்போது நீங்க சொன்னதத்தான் அப்படியே செஞ்சேன். கோன் மேல படவே இல்லியே, எதுக்குங்க கொடியத் தூக்குனிய?"