இரண்டு திரைகளுக்கு நடுவில்

எங்கள் அரட்டைச் செயலி இரண்டு சர்வர்களில் ஓடுகிறது. இடது சர்வரில் எழுதுவது வலது சர்வரில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேராது. செய்திகளைக் கடத்த நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும்வரை நான் இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இங்கே வருவதை அங்கே தட்டிக்கொண்டிருக்கிறேன். "ரெண்டே நாள்தாம்மா" என்றார்கள். ஏழு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர் நான். என்ன வேலை என்று அப்பா கேட்டால் பேச்சை மாற்றுகிறேன்.

இரண்டு மென்பொருள்களைச் சோதித்து அறிக்கையும் கொடுத்துவிட்டேன். ஒன்று வேகமானது, ஆனால் மறுமுனையில் கேட்க ஆள் இல்லையென்றால் செய்தியைத் தொலைத்துவிடும். மற்றது மெதுவானது, எதையும் தொலைக்காது. எதை எடுப்பது என்று என் மேலதிகாரிகள், இடதில் சம்பந்தம் சாரும் வலதில் பெனிட்டா மேடமும் இதே செயலியில் சண்டை போடுகிறார்கள். "அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படியே போடு பூவரசி" என்பார் மேடம். அப்படியே போடுவேன்.

இன்று சார் எழுதினார்: "மேடம், நமக்குள்ள எதுக்குச் சண்டை? பூவரசி இதுவரைக்கும் ஒரு மெசேஜ்கூட விட்டதில்ல. அந்தப் பொண்ணே இருந்துட்டுப் போகட்டும். சரின்னு சொன்னீங்கன்னா இப்பவே முடிச்சிடலாம்."

அதை வலதில் போடாமல் விரல்களை மடியில் வைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில், ஏழு மாதத்தில் முதல்முறையாக, நான் தட்டாமலே இரண்டு திரைகளிலும் ஒரே வரி வந்து நின்றது.

"பூவரசி, இருக்கியா?"